48 இலக்கம்

2005 வாக்கில் திருவல்லிக்கேணியில் குடியிருந்தேன். உயிர் போன மடிக்கணினியோடு யார் வந்தாலும் அப்போது எனக்குப் பயமில்லை. அடியிலிருக்கும் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். சார்ஜரையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போர்டில் தேங்கிய மின்சாரம் வடியும். அப்படியும் எழவில்லை என்றால் ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவேன். பல கணினிகள் அதிலேயே பிழைத்தன.

பிழைக்காதவற்றுக்கு ரிச்சி தெரு இருந்தது. அங்கே ஒரு யுஎஸ்பி கேஸிங் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் போட்டு, வேறு கணினியில் செருகுவேன். கல்யாணப் படம், ஆய்வேடு, கடைக்கணக்கு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கணினி செத்தாலும் உள்ளிருப்பது சாகாது என்று வந்தவர்களிடம் தைரியமாகச் சொல்வேன். டிஸ்க்குக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் மட்டும் கை வைக்க மாட்டேன். அந்த நிலையில் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்தால், படிக்கும் முனை தட்டையே கீறிவிடும். அவர்களை டேட்டா மீட்கும் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

அந்தச் சுலபத்தின் மறுபக்கமும் தெரியும். விண்டோஸ் கடவுச்சொல் வாசற்கதவை மட்டுமே காத்தது. டிஸ்க்கைக் கழற்றியவன் திருடனானாலும் அவனுக்கும் எல்லாம் திறந்தே கிடந்தது.

இப்போது இருப்பது பாளையங்கோட்டையில். போன வருடம் மதினி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அண்ணன், என் பெரியப்பா மகன், தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதிச் சேர்த்தது அதில் இருந்தது. அவர் காலமான பிறகு ஒருநாள் அது எழவில்லை.

“மிஷின் போனா போகட்டும் தம்பி. அவுக எழுதுனது வந்தாப் போதும்.”

போர்டு போய்விட்டது. திருகுகளைக் கழற்றி, விரலகலமே உள்ள எஸ்எஸ்டியை எடுத்தேன். அது தனிச் சில்லாக இருந்ததே நல்ல காலம். சில மாடல்களில் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். வேறு கணினியில் செருகியதும் கோப்புகள் வரவில்லை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

அதுதான் பிட்லாக்கர் பூட்டு. வழக்கமாக அதைத் திறக்கும் சாவியைப் போர்டிலுள்ள பாதுகாப்புச் சில்லு காக்கிறது. போர்டு செத்தால் வெறும் எண்களாகப் பதிந்த மீட்புச் சாவி ஒன்றே வழி. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. பூட்டு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது விழுந்தது வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கணினி வாங்கும் அன்றே கடைக்காரர் அதைச் சொல்லித்தர வேண்டும். ஒருவர் போன பின் அவர் எழுத்து வீட்டாருக்குக் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாவியின் நகல் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அண்ணனின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கணக்கில் அவர் கொடுத்திருந்த கைபேசி எண்ணை மதினி விடாமல் ரீசார்ஜ் செய்துவந்திருக்கிறார். கேஸ் புக்கிங் அதில்தான். அதற்கு வந்த ஓடிபியைக் கொண்டு கடவுச்சொல்லை மாற்றினோம். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி திரையில் வந்தது. மதினி வாசிக்க வாசிக்கத் தட்டினேன். டிரைவ் திறந்தது.

முதலில் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தேன். அந்த எண்ணை அச்செடுத்து ரேஷன் கார்டோடு வைத்தார் மதினி. இப்போதெல்லாம் புதுக் கணினி வாங்குகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வதும் அதைத்தான்.

பழைய ஃபோல்டர்களைத் திறந்தால் வேறொரு பூட்டு. அண்ணன் யூனிகோடுக்கு முன்பே வானவில் எழுத்துருவில் தட்டியவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தன. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டதும் தமிழாகிவிட்டன. அங்கங்கே சிதைந்த சொற்களை மதினி அச்சுத்தாளில் பென்சிலால் திருத்தித் தருகிறார். குறுக்குத்துறை முடிந்து சிந்துபூந்துறைக்கு வந்திருக்கிறோம்.