ஹப் சார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரு ஹப் சார் இருப்பார். பெரும்பாலும் குவாலிட்டியில் இருப்பார், இல்லையென்றால் மெயின்டனன்ஸில். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்ன மறுவாரம் ரோடு பைக் வாங்கியவர். முதல் வருஷம் சைக்கிளைப் பற்றிப் பேசினார். அடுத்த வருஷம் கியரைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த வருஷம் பின்சக்கரத்தின் நட்டநடுவில் இருக்கிற ஹப் என்ற அந்த ஒரு சாமானுக்கு வந்து சேர்ந்தார். இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்.

கூட்டத்தில் அவரை அடையாளம் காண்பது சுலபம். வலது கெண்டைக்காலில் செயின் கறை பல்வரிசையாகப் பதிந்திருக்கும். செல்போனைத் திறந்தால் பிள்ளைகள் படம் ஒன்றிரண்டு தென்படும். அதற்குப் பிறகு, பல்சக்கரங்களைத் தாங்குகிற அலுமினிய ஃப்ரீஹப்பில் ஸ்டீல் பல்சக்கரம் கடித்த பள்ளங்கள், மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அதைத்தான் காட்டுவார். பாயசம் வருவதற்குள் அந்த மனிதர் இடம் மாறியிருப்பார்.

இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு மனிதர் முளைப்பதில் அதிசயம் இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ உருளத் தொடங்கியதிலிருந்து இங்கே எல்லாருக்கும் சோறு போடுவது சக்கரம். 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. அப்போலோ டயர் வந்தது. அப்புறம் டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, வல்லத்தில் யமஹா. பகல் முழுக்க மைக்ரான் கணக்கில் சக்கரத்தை அளந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர், சொந்தச் சக்கரம் லேசாக ஆடினால் தூங்குவாரா?

சாலையும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் தோண்டிப்போட்ட பள்ளம், டிப்பர் லாரி சிந்திய எம்-சாண்ட், ஐப்பசி மழையில் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். இவற்றின் அடியை அதிகம் வாங்கிக்கொள்வது பின்சக்கரம். ஓட்டுகிறவரின் எடையில் பாதிக்கு மேல் அதன் தலையில்தான் விழுகிறது. மிதிக்கிற மிதி முழுவதும் அதன் வழியாகத்தான் ரோட்டுக்குப் போயாக வேண்டும். போதாக்குறைக்கு வலதுபக்கம் பத்துப் பதினொரு பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இடதுபக்கக் கம்பியைப்போல இரண்டு மடங்குகூட இழுவை தாங்குகின்றன. அதனால்தான் கம்பி அறுந்தால் பெரும்பாலும் வலதுபக்கத்தில் அறுகிறது. இவ்வளவையும் ஹப் சார் ஒரு டீக்குள் சொல்லி முடித்துவிடுவார். டீ ஆறியிருக்கும். அவருடையதல்ல, நம்முடையது.

இரண்டாவது டீ வாங்கிக்கொடுத்தால் டார்க், அதாவது திருகுவிசைக் கணக்கு வரும். "என் வெயிட் 80 கிலோ. கிராங்க் 17 சென்டிமீட்டர். எழுந்து நின்னு மிதிச்சா 133 நியூட்டன் மீட்டர். முன்னால 34 பல்லு, பின்னால 32 பல்லு. அப்ப ஹப்புக்கு எவ்வளவு போகுது? 125! நம்ம 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இன்ஜின் எவ்வளவு தருது? 114!" கணக்கில் பிசகு இல்லை. அந்த இன்ஜின் எண்பது குதிரைத் திறனுக்கு மேல் தருகிறது, சார் மூச்சு வாங்க மிதித்தால் கால் குதிரை தேறும் என்பதை மட்டும் நாம் எடுத்துச் சொல்லக் கூடாது. மேலும், எழுந்து நின்று மிதிக்க இந்த ஊரில் மேடு எங்கே இருக்கிறது? ஏரியும் வயலுமாகக் கிடந்த சமதரை. மேம்பாலம் ஒன்றுதான் மலை. அதை ஏறி இறங்க அவர் தேடுகிற ஹப், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போதும்.

வாங்குவது என்று முடிவானதும் வேலை கம்பெனி பாணியில் நடக்கும். எக்செல் திறப்பார். எஃப்.எம்.இ.ஏ. போடுவார். இந்தப் பக்கத்தில் பஸ் கண்டக்டருக்குக்கூட இது தெரியும். தெரியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எது கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு, கெட்டால் எவ்வளவு மோசம், எத்தனை தடவை நடக்கும், முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போட்டுப் பெருக்க வேண்டும். ஆயிரத்துக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு ஆபத்து. வாலாஜாபாத் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு ஃப்ரீஹப் பிடிக்காமல் கால் சும்மா சுற்றுவதற்கு அவர் போடும் மார்க்கைப் பார்த்தால் கொதிகலன் வெடிப்பு என்று நினைத்துக்கொள்வீர்கள். அதே தாளில் கடைசி வரியில் 'கிரெடிட் கார்டு பில், வீட்டில் தெரியவருதல்' என்றும் ஒன்று இருக்கும். கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்று ஒன்பது போட்டிருப்பார். அவர் செய்கிற ஒரே தப்புக் கணக்கு அதுதான். வீட்டம்மாவுக்கு மெசேஜ் வந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"என்னங்க, இந்த டி.டி. ஸ்விஸ்ஸுன்னா யாரு?"

"ஒரு ஹப்புமா."

"ஒரு ஹப்பா, ஒரு டஜனா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்தப் பணத்தில் ஹெர்குலிஸ் வண்டி முழுசாக ரெண்டு மூன்று வாங்கலாம்.

ஹப்புக்குள் இருக்கும் பேரிங்கை வைத்து ஹப் சார்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. கப்-கோன் கட்சி ஒன்று, கார்ட்ரிட்ஜ் கட்சி ஒன்று. காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட் வரைக்கும் போனார்களே, இதுவும் அப்படித்தான். யானை மட்டும் இல்லை. கப்-கோன்காரர்களுக்கு ஷிமானோ குலதெய்வம். பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டு. கழற்று, மண்ணெண்ணெயில் கழுவு, கிரீஸ் வை, கோனைத் திருகு, இன்னும் பத்து வருஷம் ஓட்டு. அந்த ஒன்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாம் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். இடம் இருக்கிறதே என்று பத்தாவதைத் திணித்தால் குண்டும் குண்டும் இடித்துக்கொண்டு எல்லாம் சேர்ந்து நாசமாகும். கார்ட்ரிட்ஜ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பேரிங் போனால் தட்டி எடு, அதே நம்பரில் புதுசு அடித்து உள்ளே தள்ளு, அரைமணி நேர வேலை. "பாரிஸ் கார்னர்ல கேட்டா தராங்க. உங்க கோன் சொரசொரப்பானா எங்க போய்த் தேடுவீங்க?" நியாயமான கேள்விதான். கப் தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் ஹப்பையே தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் மழையில் ஓட்டிவிட்டுக் கவனிக்காமல் விட்டால் இரண்டு கட்சியின் பேரிங்கும் ஒரே குரலில்தான் கறகறக்கும்.

கப்-கோன் கட்சி வீடுகளில் சமையலறைக்குத் தனிக் கஷ்டம் உண்டு. ஒன்பது குண்டையும் உருளாமல் வைக்க அஞ்சறைப் பெட்டிக் கிண்ணத்தைவிடத் தோதான பாத்திரம் உலகத்தில் இல்லை. ரசத்தில் மண்ணெண்ணெய் வாசம் அடித்த மறுநாள், அதேபோல ஒரு பெட்டி அவருக்கென்றே தனியாக வாங்கிவைக்கப்பட்டது. மேலே கரிக்கோட்டில் 'சாருடையது' என்று எழுதியிருக்கும்.

பிறகு சத்தம். மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிட்டால் ஃப்ரீஹப் பேசும். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் பல்லில் தட்டிக்கொண்டு ஓடுகிற சத்தம் அது. சுவிட்சர்லாந்து டி.டி. ஸ்விஸ்ஸின் பேர்பெற்ற ஹப்புகளில் நாக்கே கிடையாது; பல் வெட்டிய இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் கோத்துக்கொள்ளும். மூன்று நாலு நாக்கு தாங்கவேண்டிய பாரத்தை எல்லாப் பல்லும் பங்கு போட்டுக்கொள்வதால் அது லேசில் சாகாது. 18 பல் வளையம் என்றால் 20 டிகிரி சுற்றிய பிறகு பிடிக்கும், 36 என்றால் 10, 54 என்றால் ஏழு டிகிரிகூட வேண்டாம். அமெரிக்காவின் கிறிஸ் கிங் 72 இடத்தில் பிடிக்கும். பேரிங்கையும் அவர்களே செய்கிறார்கள், சத்தம் தேன்கூட்டைக் கலைத்தமாதிரி இருக்கும். நம் ஹப் சார் 54-க்கு ஆசைப்படுவார். கல்லும் கட்டையும் தாண்டுகிற மலை சைக்கிளுக்கு அது தேவைப்படலாம். வாலாஜாபாத் ரோட்டில் நேராகப் போகிறவருக்கு எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பல் பொடிப்பொடியாக ஆக ஒவ்வொன்றும் மெலிந்துகொண்டேதான் போகும். இதைச் சொன்னால் அவர் "ரெஸ்பான்ஸ்" என்பார். உண்மையான காரணம் சத்தம்தான். விடிகாலையில் அவர் உருண்டு வந்தால் வல்லம் நாய்கள் ஒரு தெரு முன்னாலேயே எழுந்து நிற்கின்றன.

இந்த மனிதருக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோணிப்பையில் சாமான் பரப்பியிருக்கும் சைக்கிள் கடைக்காரர். சார் அங்கே போகும்போது கையில் டயல் கேஜ் இருக்கும். கம்பெனிச் சாமான், காலிபரேஷன் ஸ்டிக்கர்கூட உரிக்கப்படாமல் இருக்கும்.

"அண்ணே, ஆக்ஸில்ல பிளே இருக்கு. ஒரு டிவிஷன் காட்டுது பாருங்க."

"இருக்கணும் சார். அதான் வெச்சிருக்கேன்."

"அது எப்படி இருக்கலாம்?"

"வண்டில மாட்டி லிவர அமுக்குனா ஆக்ஸில் கொஞ்சம் நெருங்கும். அப்ப இந்த ஆட்டம் காணாமப் பூடும். இப்பவே ஆட்டமே இல்லாம முறுக்கி வெச்சேன்னா மாட்டுன பொறவு குண்டு நசுங்கும்."

அவர் சொல்வது எழுத்துக்கு எழுத்துச் சரி. குவிக் ரிலீஸ் லிவர் போட்ட சக்கரத்துக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். சார் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், அதே சக்கரத்தில் அறுந்திருந்த கம்பியைக் காட்டிக் கம்பெனி அஸ்திரத்தை எடுத்தார். ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் எந்தக் கோளாறின் ஆணிவேரும் அகப்படும் என்பது ஜப்பான்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

"கம்பி ஏன் அறுந்துச்சு?"

"பழசு சார்."

"ஏன் பழசாச்சு?"

"ஓட்னீங்க."

"ஏன் ஓட்டினேன்?"

"அத உங்க வூட்லதான் சார் கேக்கணும்."

மூன்றாவது ஏனிலேயே ஆணிவேர் கிடைத்துவிட்டது.

அந்தக் கடைக்குத் தினம் வருகிற இன்னொரு வாடிக்கையாளர் ராத்திரி டூட்டி செக்யூரிட்டி. அவரிடம் இருப்பது பெரிய ஃபிரேம் போட்ட பழைய வண்டி. 1949-ல் சென்னையில் முருகப்பா குழுமம் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸின் பெயர் தேய்ந்த எழுத்தில் இன்னும் தெரிகிறது. பின் ஹப்பில் 40 ஓட்டை, கம்பியும் 40. சார் வண்டியில் 24. செக்யூரிட்டி வண்டியின் கேரியரில் ஒரு தண்ணீர் கேன், சமயத்தில் சம்சாரம். அந்த ஹப்பை என்ன கம்பெனி என்று கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஹப் என்ன பெயர் வைத்தா கூப்பிடுகிறோம்?

இதைக் காட்டி ஹப் சாரை மட்டம் தட்டுகிறவர்கள் கம்பெனியில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. செக்யூரிட்டி கேட்டிலிருந்து ரூமுக்கு ஆற அமரப் போகிறார். சார் பிரெவே என்கிற 300 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தை 20 மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், ராத்திரி மழை வந்தாலும். அந்த மிதிக்கு, 40 கம்பி வண்டியில் இருக்கிற மாதிரிப் பழைய பாணி ஃப்ரீவீலில் பல பல்சக்கரம் மாட்டினால் தாங்காது. அதில் வலதுபக்கப் பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலின் வெளிமுனைக்கு முட்டுக் கொடுக்க ஆள் இல்லை. பல்சக்கரம் கூடக்கூட ஆக்ஸில் வளையும், ஒரு நாள் உடையும். ஷிமானோ ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்து அந்தப் பேரிங்கை வெளிமுனைக்குத் தள்ளிய பிறகுதான் அந்த வியாதி குறைந்தது. ஆகவே சாரின் கவலை நியாயமான கவலை. கவலைப்படுகிற சத்தம்தான் அதிகம்.

கடைசியில் அவர் என்ன வாங்கினார் என்று கேட்கிறீர்களா? எக்செல் ஒன்றைச் சொன்னது, மனசு ஒன்றைச் சொன்னது, வீட்டம்மா ஒன்றைச் சொன்னார். மூன்றாவது ஜெயித்தது. 32 ஓட்டை, ஸ்டீல் ஃப்ரீஹப், ஷிமானோவில் நடுத்தர விலை. சத்தம் வராது. முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் காஞ்சிபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். வல்லம் நாய்கள் எழுந்திருக்கவே இல்லை என்று துக்கமாகச் சொன்னார்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இன்னொன்று. சேறு படிந்த வண்டியை ஹைவே ஓரத்து வாட்டர் வாஷ் கடையில் விட்டார். பையன் லாரிக்கு அடிக்கிற அதே பிரஷர் கன்னைப் பின்சக்கரத்தின் நடுவில் பிடித்தான். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது, கிரீஸ் வெளியே வந்தது, பதினைந்து நாளில் கறகறப்பு. எஃப்.எம்.இ.ஏ. தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. சைக்கிள் கடைக்காரர் குண்டையும் கோனையும் மாற்றிக் கிரீஸ் வைத்துக் கொடுத்தார், செலவு சில நூறு ரூபாய்.

ஆகையால் ரோடு பைக் வைத்திருக்கும் ஒரகடத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹப் எந்த நாட்டுச் சரக்காகவும் இருக்கட்டும். வண்டியை ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய துணி வைத்து வீட்டிலேயே துடையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கடையில் கொடுத்துப் பிரித்துக் கிரீஸ் வையுங்கள். பிரஷர் கன்காரனிடம் மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.