போஸ்ட்மாஸ்டர் தாத்தாக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 25 பைசா மேகதூத் தபால் கார்டு. வலது ஓரத்தில் ஸ்டாம்பு பாதியைக் காணோம். கீழே, ‘அபூர்வ எரர், 2,500 ரூபாய், பேரம் கிடையாது.’ வெட்டு போன கோணலைப் பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கத்திரிக்கோல் என்று கண் தெரியாதவனும் சொல்வான். ஆனாலும் நம் கை சும்மா இருக்கிறதா? உடனே இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறோம்.

“ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்க” என்றேன். நியாயமான கோரிக்கைதானே? பெரிய தாளில் பல கார்டுகளைப் பக்கம் பக்கமாக அடித்து, கட்டாக அடுக்கி, கட்டிங் மிஷினில் கொடுக்கிறார்கள். அடுக்கு நகர்ந்தால் கத்தி இடம் மாறி இறங்கும். அப்போது வலது பக்கம் போனது இடது பக்கம் வரவாகும்: பக்கத்துக் கார்டின் துண்டு வரும், தாளின் கடைசிக் கார்டாக இருந்தால் வெறும் காகிதம் வரும். ஆனால் நீளம் அதே 14 சென்டிமீட்டர் இருக்கும். கத்திரிக்கோலுக்கு வரவு வைக்கத் தெரியாது, செலவு மட்டும்தான்.

“ஸ்கேல் எதுக்கு சார்? எங்க தாத்தா போஸ்ட்மாஸ்டர்” என்று பதில் வந்தது.

  இந்தத் தாத்தாக்களைப் பற்றி இரண்டு வரி.

எரர் விற்கிற எவனுக்கும் தாத்தா தபால்காரராக இருந்ததில்லை. ஆர்.எம்.எஸ்.ஸில் மூட்டை பிரித்ததில்லை. எல்லோருமே போஸ்ட்மாஸ்டர்கள். ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. கட்டைப் பிரிக்கிறார், கோணல் கார்டு ஒன்று தட்டுப்படுகிறது. வேறு ஆளாக இருந்தால் வரிசையில் நிற்கிற மாமியிடம் தள்ளியிருப்பார், மாமியும் அதில் ‘நலம், நலமறிய ஆவல்’ எழுதிப் போட்டிருப்பாள். இவரோ வாட்ஸ்அப் வரப்போவதை ஞானதிருஷ்டியில் கண்டு, காசைத் தன் பையிலிருந்து கல்லாவில் போட்டுவிட்டு, கார்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைக்கிறார். மடிப்பில்லை, கறையில்லை, செல்லரிக்கவில்லை. பெண்களுக்கு நகை வைக்கவில்லை, பிள்ளைகளுக்கு வீடு வைக்கவில்லை, பேரனுக்குக் கோணல் கார்டு வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். அதுவும் ஒன்றல்ல. அடுத்த மாதம் அதே பேரன் இன்னொரு கார்டு அனுப்புவான், இந்த முறை இடது ஓரம் போயிருக்கும்.

தாத்தா எப்போது ரிட்டயர் ஆனார் என்று கேட்டுவைத்தேன். 1985-இலாம். மேகதூத் கார்டு வந்ததே 2002-இல். அதைச் சொன்னதற்கு, “ரிட்டயர் ஆனாலும் தினம் ஆபீசுக்குப் போய்ட்டுதான் இருந்தார் சார்” என்கிறான்.

என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். வந்த கார்டுகளையெல்லாம் கொக்கிக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டார். நல்லவேளை, அந்த ஓட்டையை ‘பஞ்ச் எரர்’ என்று விற்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

1854-இல் நாலணா ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை கவிழ்ந்தது. சிவப்புச் சட்டத்தையும் நீலத் தலையையும் தனித்தனியாக அச்சடித்ததில் வந்த வினை. அதுவல்லவா எரர்! எந்தக் கத்திரிக்கோலாலும் ராணியைத் தலைகீழாக்க முடியாது. கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதிய கார்டைக்கூட விடுவதில்லை. ‘இப்பவும் இங்கு யாவரும் க்ஷே’ என்று வரி ஓரத்தில் அறுந்து நிற்கிறது, ‘மம்’ இல்லை. எழுதியவர் மேஜை மேல் முடித்தாரா? “அதுதான் சார் ரேர்” என்கிறார்கள்.

முழு 14 சென்டிமீட்டர் நீளமும், ஓரத்தில் பக்கத்துக் கார்டின் துண்டும் உள்ள கார்டு உங்களிடம் இருந்தால், ஸ்கேலோடு போட்டோ எடுத்து அனுப்புங்கள். 500 ரூபாய் தருகிறேன். தாத்தா இல்லாத கார்டாக இருந்தால் 600.