தொட்டிப் பெயர்ச்சி: நியூ ஜெர்சித் தமிழர் கொல்லைகளில் ஒரு முதற்கட்ட ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பஞ்சாங்கம் நாள் குறித்துக் கொடுத்துவிடுகிறது. நியூ ஜெர்சியின் எடிசன் வட்டாரத்தில் ஆண்டுதோறும் நிகழும் தொட்டிப் பெயர்ச்சிக்கு அப்படிக் குறித்துக் கொடுப்பார் யாருமில்லை. கோடை முழுக்கக் கொல்லையில் வெயில் காய்ந்த கறிவேப்பிலைச் செடி, தொட்டியோடு வீட்டுக்குள் குடியேறுவதே இப்பெயர்ச்சி. செப்டம்பர் கடைசியிலும் நடக்கலாம், அக்டோபர் கடைசியிலும் நடக்கலாம். இதற்கு உரிய கவனத்தை அறிஞர் உலகம் இதுவரை தரவில்லை.

முதலில் செடியின் சரித்திரம். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்த மிஷனில் மருத்துவராக இருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போகச் செடிகளைப் பார்த்தார். முராயா கோனிகீ என்ற தாவரவியல் பெயரின் பின்பாதி அவரைக் குறிக்கிறது. முன்பாதி லின்னேயஸின் இன்னொரு மாணவரான முர்ரேயை. இப்படி இரண்டு ஐரோப்பியர் பெயரைச் சுமந்தும், ஐரோப்பாவின் குளிரைச் சுமக்க அச்செடி கற்றுக்கொள்ளவே இல்லை.

பெயர்ச்சி நாள் பற்றி இரு கட்சிகள் உண்டு. இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் செடி உள்ளே வந்துவிட வேண்டும் என்பது முந்து கட்சி. உறைபனி எச்சரிக்கை வரட்டும், அதுவரை பழைய கைலியைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்பது பிந்து கட்சி. கைலிவாதத்துக்கு இயற்பியல் ஆதரவு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு வாரி இறைக்கின்றன. காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே இலைமேல் பனி உறைந்துவிடும். போர்வை அந்த இழப்பைக் குறைக்கிறது. ஆனால் பிந்து கட்சியினர் பெரும்பாலும் வீட்டு ஆண்களே என்பதையும், ஈரமண் நிறைந்த தொட்டியைப் படியேற்ற வேண்டியவர்களும் அவர்களே என்பதையும் ஆய்வாளர் மறக்கலாகாது.

உள்ளே வந்த செடி உடனே இலை உதிர்க்கத் தொடங்கும். வெளிச்சம் குறைவு, ஹீட்டரின் வறண்ட காற்று, போதாக்குறைக்குச் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும். வேப்பெண்ணெய் தெளித்தால் கூடத்தில் யாரும் உட்கார முடியாது. செடி செத்துவிட்டது என்று கலங்கித் தண்ணீரை மேன்மேலும் ஊற்றுவோர் உண்டு. தூங்கும் செடியின் வேர் அழுகுவது அந்தப் பாசத்தால்தான்.

செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வதும் அவ்வளவு எளிதல்ல. எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்தது கறிவேப்பிலை. அந்த மரங்களுக்குப் பச்சையாக்க நோயைப் பரப்பும் ஆசியச் சாறுறிஞ்சிப் பூச்சி இதிலும் தங்கும். பூச்சி 1998இலும் நோய் 2005இலும் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டன. தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுசெல்ல அமெரிக்க வேளாண் துறை கட்டுப்பாடு விதித்திருக்கிறது. எனவே, உள்ளூர்த் தொட்டியொன்றின் வேரிலிருந்து முளைத்த பக்கக்கன்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை வைத்தே ஒரு ஊர்த் தமிழரின் உறவு வரைபடத்தை வரைந்துவிடலாம்.

தொட்டி இப்படிக் காப்பாற்றப்படும் அதே வாரத்தில் கொல்லையின் பெருந்துயரம் அரங்கேறுகிறது. அவரைக்கொடியைத்தான் சொல்கிறோம். ஆடிப்பட்டத்தில் விதைத்துத் தை மாதத்தில் பறித்துப் பழகிய பந்தல் அவரை, பகல் சுருங்கினால்தான் பூக்கும். சென்னையின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைக்கூடத் தொடாது. எடிசனிலோ ஜூனில் பகல் 15 மணி நேரம். கொடி என்ன செய்யும்? கோடை முழுக்க இலையாக விட்டு, வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டைப் பார்க்கும். செப்டம்பரில் பூக்கும், அக்டோபரில் பிஞ்சு பிடிக்கும், மறு வாரமே உறைபனியில் கறுத்துச் சாயும். பகல்நீளம் பார்க்காமல் காய்க்கும் குத்தவரை ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் கொல்லையில் நிற்பதோ ஊரிலிருந்து அம்மா தந்த விதை. அது விமானம் ஏறிய விதம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒப்பீட்டுக்கு ஒரு சான்று: வர்ஜீனியாவில் அமெரிக்க அதிபராயிருந்த ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோவில் ஊதா அவரையைப் பந்தலில் ஏற்றியிருக்கிறார்கள், அழகுக்காக. காயை எதிர்பார்க்காதவருக்கு அக்டோபர் ஒரு பொருட்டே இல்லை.

கடைசியாகத் தக்காளி. பனிக்கு முந்தைய மாலை, டார்ச் விளக்கு வெளிச்சத்தில் பச்சைக் காய்கள் ஒட்டுமொத்தமாகப் பறிக்கப்படும். பழுக்கவைக்கும் முறையில் இங்கே தகராறு இல்லை. 1901இல் ரஷ்யாவின் நெல்யுபோவ், விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணச் செய்கிறது என்று கண்டார். காயைப் பழுக்கவைக்கும் அந்த வாயுவைப் பழுக்கும் ஆப்பிளே வெளியிடுகிறது என்று 1934இல் ஆங்கில விஞ்ஞானி கேன் நிறுவினார். மாங்காயை அரிசிப் பானையில் புதைத்த பாட்டிகளுக்குப் புதைத்தால் பழுக்கும் என்பது போதுமானதாக இருந்தது. காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டால் தக்காளி சிவக்கிறது. கொடியில் பழுத்த ருசி மட்டும் வருவதில்லை.

அதனால் பாதிக்கு மேல் பச்சையாகவே கூட்டுக்கும் துவையலுக்கும் போய்விடுகின்றன. தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டும். சன்னலோரச் செடியில் மிஞ்சியிருக்கும் நான்கு இணுக்கைத் தொட அந்த வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது. வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வருகிறார்.