கடைமடை டாட்ஜ்

பேராவூரணிக் கடைத்தெருவில் யாரையாவது நிறுத்தி, "டாட்ஜ் மாமா வீடு எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்ல மாட்டார்கள். "வண்டி ஓடுதாமா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

டாட்ஜ் மாமா ஒருவர் அல்ல, ஓர் இனம். டெல்டாவில் நாலு ஊருக்கு ஒருவர் தேறுவார். பாகப்பிரிவினையில் அண்ணன் நஞ்சையை எடுத்துக்கொண்டிருப்பார். தம்பி தென்னந்தோப்பை எடுத்துக்கொண்டிருப்பார். நடுவிலவர் மட்டும் கண் கலங்க, "அப்பாவோட பிளசர் காரை எனக்கு விட்டுடுங்க" என்று கேட்டிருப்பார். அன்று முதல் உடன்பிறந்தவர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம்.

எங்கள் மாமாவுடையது 1950-களின் டாட்ஜ் கிங்ஸ்வே. அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனியின் வண்டி. பூட்டியது பம்பாய் குர்லாவில், வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பெயர்ப்பலகையைக் கழற்றினால் உள்ளே இருப்பது பிளிமத். "அப்ப இது டூப்ளிகேட்டா மாமா?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். இன்றுவரை அவன் அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவதில்லை.

எம்.ஆர். ராதா தன் இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். மாமா காரில் அதற்கு வழியில்லை. பின்சீட்டில் கோழி அடை காக்கிறது.

பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மாமாவுக்கு நினைவிருக்காது. ஆனால் நடுச்சாமத்தில் தட்டி எழுப்பினாலும், "ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு" என்பார். ஆறு சிலிண்டரும் வெடிக்கிற வரிசை அது. பேட்டரி ஆறு வோல்ட். அதுவும் பாசிட்டிவ் எர்த். பேட்டரிக் கடைப் பையன் பழக்கதோஷத்தில் நெகட்டிவ் வயரைப் பாடியில் கொடுக்கப் போனால், பாம்பை மிதிக்கப் போனவனைப் பிடித்து இழுப்பதுபோல் இழுப்பார்.

பஞ்சர் ஒட்டும் நாள் மாமாவுக்குத் திருநாள். கிரைஸ்லர்காரன் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடமரை வைத்தான். ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பது அவன் கணக்கு. ஊரே ஒரு பக்கம் திருப்ப, அது மறுபக்கம் திருப்பினால்தான் கழலும். மூன்று பேர் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதிப்பார்கள். மாமா திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே பார்ப்பார். நாலாமவன் சட்டையைக் கழற்றும்போதுதான், "தம்பி, அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பு" என்பார். முன்னமே சொன்னால் என்ன என்று கேட்கக் கூடாது. எழுபது வருஷத்து வண்டியில் அவருக்குக் கிடைக்கும் லாபம் அது ஒன்றுதான்.

சாமான் தேடுவது தனிப் புராணம். தேய்ந்த பாகத்தைத் துண்டில் சுற்றி, ஜாதகப் பொருத்தம் பார்க்கப் போகிறவர்போல் சென்னை புதுப்பேட்டைக்குக் கிளம்புவார். சந்து சந்தாக நுழைவார். கடைக்காரர் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே வண்டி ஒண்ணு வந்துச்சு சார். நேத்துதான் எடைக்குப் போயிருச்சு" என்பார். மாமாவின் இருபது வருஷப் பயணத்தில் அந்த நேற்று மட்டும் நேற்றாகவே இருக்கிறது.

பிறகு அமெரிக்கா. அங்கே பழைய காருக்குப் புதுச் சாமான் செய்து விற்கவே கம்பெனிகள் உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டுக்கு நடுவில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட் வரும். விமான நிலையத்தில், "இது என்ன?" என்று கேட்டால், "எங்க மாமாவுக்கு" என்பான். "மாமாவுக்கு என்ன உடம்புக்கு?" என்று ஒரு அதிகாரி விசாரித்தாராம்.

ஆனால் அமெரிக்கக்காரனுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். நமக்கு வலது பக்கம். ஸ்டீயரிங் சாமான் வேண்டுமென்றால், இதே கிங்ஸ்வே வலது பக்க ஸ்டீயரிங்கோடு ஓடிய ஆஸ்திரேலியாவில்தான் தேட வேண்டும். இளைய மகளுக்கு மெல்போர்ன் மாப்பிள்ளை பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அத்தை சத்தியம் செய்வார். மாமா செய்ய மாட்டார்.

2021-இல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் 'விஏ' என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் வெளியே எடுக்கலாம். படித்துவிட்டு மாமா நெகிழ்ந்துபோனார். "நம்ம வண்டியைப் பாத்துட்டுத்தான்டா எழுதியிருக்காங்க. பழுது பாக்கறதத் தவிர நான் எதுக்கு வெளிய எடுத்தேன்?"

போன வைகாசியில் வண்டி கொதிக்க ஆரம்பித்தது. இந்த இன்ஜினுக்குள்ளே முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு தட்டைக் குழாய் போகிறது. வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீரை, மடை திறந்துவிடுவதுபோல் துளைத் துளையாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் முன்பக்கமே கொட்டிவிடும். கடைசியில் கிடக்கும் ஆறாவது சிலிண்டர் காய்ந்து கொதிக்கும்.

மெக்கானிக் சொல்லிமுடிக்கக்கூட இல்லை. மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைமடைக்காரன் பூராத்தையும் எடுத்துக்கிட்டான்! ஆறாவது சிலிண்டர் நம்ம பேராவூரணிடா!"

கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருக்கிற ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு? மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும், ஊரூராகக் குடித்துவிட்டு மிச்சம் மீதிதான் இங்கே வரும். புதுப்பேட்டையில் கிடைக்காதது நியூ ஜெர்சியிலிருந்து வரும்வரை மாமாவால் எப்படிக் காத்திருக்க முடிகிறது என்று ஊர் வியக்கும். வாய்க்காலைப் பார்த்துப் பழகிய பொறுமைதான் அது.

ரேடியேட்டரை இறக்கி, வாட்டர் பம்பைக் கழற்றி, கம்பிக் கொக்கி போட்டு மூன்று நாள் தூர்வாரினார்கள். குழாய் துண்டு துண்டாக வந்தது. மாமா அவற்றைச் சேர்த்துவைத்து அளவெடுத்துக்கொண்டு, கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் செய்பவரிடம் போனார்.

"இது எந்தக் கோயிலுக்குங்க?"

"வீட்டுக் கோயில்னு வச்சுக்குங்க."

குழாயை மாட்டி வண்டியைக் கிளப்பிய நாளில், மெக்கானிக் வாசலிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டார். ஆறாவது சிலிண்டர் பக்கம் மாமா விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். முன்பெல்லாம் 'சுர்'ரென்று ஆவியாகும். இப்போது சொட்டு நிதானமாக வழிந்து இறங்கியது. மாமா தெருவுக்கு ஓடிவந்து கத்தினார்:

"கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சு!"

எதிர் டீக்கடையில் பாதி கிளாஸ்கள் அப்படியே நின்றன. ஒருவர் மண்வெட்டியை எடுத்தார். ஒருவர் கொல்லையில் கிடந்த ஆளுக்குப் போன் போட்டார். இரண்டு சைக்கிளும் ஒரு மொபெட்டும் வாய்க்கால் பக்கம் பறந்தன.

அரை மணியில் திரும்பி வந்தார்கள். மாமா தூணுக்குப் பின்னால் பதுங்கினார். யாரும் திட்டவில்லை. மண்வெட்டிக்காரர் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு, இன்னமும் கொதிக்காமல் ஓடிக்கொண்டிருந்த டாட்ஜைப் பார்த்தார்.

"வாய்க்கா காஞ்சுதான் கெடக்கு மாமா. வண்டிக்காவது வந்துச்சே."