நெற்றி ஜெர்சி, திமில் யாரோ

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, இஞ்சிவிளைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து மூரிக்குட்டன் ஒன்று வாங்கி வந்தேன். அப்போது அதற்கு இரண்டு மாதம். நல்ல செங்கல் நிறம். பசு வளர்ப்பவருக்குக் காளைக்கன்று வெறும் செலவு. அதனால் மலிவாகக் கிடைத்தது. இரண்டு வருஷம் வளர்த்து இறைச்சிக்குக் கொடுத்தால் நாலு காசு பார்க்கலாம் என்பது என் கணக்கு. என்ன இனம் என்று விற்றவரிடம் கேட்டேன். "நல்ல இனமாக்கும்" என்றார்.

கயிற்றை மரத்தில் கட்டுவதற்குள் பஞ்சாயத்து கூடிவிட்டது.

பால் சொசைட்டிக்குப் போகிற அண்ணன் நெற்றியைத் தடவினார். குழிந்திருக்கிறது, மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம் வேறு, ஜெர்சியேதான். எதிர்வீட்டு மாமாவுக்கு அந்த வளையமே பிரவுன் சுவிஸ். 1963-ல் மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் உதவியோடு நாட்டுப் பசுக்களைக் கலப்புச் செய்யத் தொடங்கி, சுனந்தினி என்று பெயர் வைத்த கதை முழுக்க அவருக்கு மனப்பாடம். சுனந்தினிக்கு இன்ன நிறம் என்று கண்டிப்பு இல்லை. கேரளத்தில் எந்த மாட்டைக் காட்டினாலும் மாமா தோற்கமாட்டார்.

உயரம் குறைவு, ஆகவே வெச்சூர் என்றார் இன்னொருவர். வெச்சூர்ப் பசு வளர்ந்து நின்றாலே மூன்றடிதான், வாஸ்தவம். ஆனால் இரண்டு மாதத்தில் எந்தக் கன்றுதான் ஆறடி நிற்கும்?

குழித்துறையிலிருந்து வந்த சித்தி மட்டும், "திமிலப் பாரு, இது காங்கேயமாக்கும்" என்றாள். காங்கேயம் சிவப்பாகவா இருக்கும் என்று எல்லாரும் சிரித்தோம். சித்தி ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்தாள்.

ஐந்தாம் மாதம் தோளில் சாம்பல் படர ஆரம்பித்தது. விசாரித்தால், காங்கேயக் கன்று பிறக்கும்போது சிவப்பாம். நாலு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறுமாம். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரியில் கேரளத்துக்கு வருகிற மாட்டுக்குக் கணக்குண்டா? அதில் ஒன்று பாட்டியாக இருந்திருக்கலாம். சித்தி இப்போது வாரம் ஒருமுறை வருகிறாள், கன்றைப் பார்க்க.

பூச்சி மருந்து கொடுக்க வந்த மிருக ஆஸ்பத்திரி டாக்டர் எளிய வழி சொன்னார். சினை ஊசிக் குழலில் காளையின் எண் அச்சடித்திருக்கும். அதைக் குறித்த சீட்டு இருந்தால் தகப்பனைக் கண்டுபிடித்துவிடலாம். விற்றவருக்குப் போன் போட்டேன். "ஊசியா? ரப்பர்த் தோட்டத்தில ஒரு காளை அவுந்து நின்னுது" என்றார். அனுமதி இல்லாத காளையைக் காயடிக்கச் சொல்லி 1961-லேயே கேரளத்தில் சட்டம் வந்தாயிற்று. அந்தக் காளை தமிழ்நாட்டிலிருந்து வந்ததோ என்னவோ.

தகப்பன் யாராக இருந்தாலும் உடம்பு இரும்பு. ஆடி மழையில் நனைந்தும் ஒரு தும்மல் இல்லை. சக்கை மடல், வாழைத்தடை, கொடியில் கிடந்த என் சாரம், எதுவும் செரிக்கிறது. 'வா', 'போ', 'நில்லு' மூன்றும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது என்பதால் பேச்சிலும் தகராறு இல்லை. மூன்றையும் ஒன்றுபோலவே அது கேட்பதில்லை.

போன ஞாயிறு இறைச்சிக் கடைக்காரர் வந்தார். ஜெர்சி, சுனந்தினி, காங்கேயம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியையும் பார்க்கவில்லை, திமிலையும் பார்க்கவில்லை. பின்தொடையில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"இன்னும் ஒரு கொல்லம் தீனி போடணும்."