பட்டம் இருக்கிறது, நர்சிங் வேண்டும்!

கேள்வி: என் மகள் பி.காம். முடித்துவிட்டாள். இப்போது நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். அமெரிக்காவில் பட்டதாரிகள் ஒன்றரை வருடத்திலேயே முடித்துவிடுகிறார்களாமே, இங்கே முடியாதா?
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் மகளுக்கு ஒரு சபாஷ்! ஆனால் பி.காம். சான்றிதழைப் பீரோவில் வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுங்கள். நம் ஊரில் கதவைத் திறப்பது அதுதான்.

அமெரிக்கப் பட்டப்படிப்பில் மொழி, வரலாறு என்று பொதுப் பாடங்கள் நிறைய. முதல் பட்டத்திலேயே அவற்றைப் படித்தவர்களுக்கு அந்தக் காலம் கழிகிறது. உடற்கூறியல், நுண்ணுயிரியல் எல்லாம் முன்பே முடித்திருக்க வேண்டும். வார்டு பயிற்சிக்கும் தள்ளுபடி கிடையாது. நம் பி.எஸ்சி. நர்சிங்கோ நான்கு வருடமும் பெரும்பாலும் நர்சிங்தான். கழிக்க என்ன இருக்கிறது?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் பி.எஸ்சி.க்கு முதல் வருடத்திலிருந்து சேரலாம். ஜிப்மர் என்றால் நீட் எழுத வேண்டும். வணிகவியல் குரூப்பா? கவலை வேண்டாம். ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு எந்த குரூப்பும் சரி. ஆங்கிலத்தோடு 40 சதவீதம் தேவை. மூன்று வருடம் படித்து, நர்ஸாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம். இடையில் சம்பளத்தோடு வேலையும் பார்க்கலாம். நான் இந்த வழியைத்தான் மனதாரச் சொல்வேன்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுமுன் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரியின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.