திங்கட்கிழமைத் திருவோலக்கம்

கோவைப் பக்கம் பம்ப்செட் செய்யும் எங்கள் கம்பெனியில் திங்கள்தோறும் காலை பத்து மணிக்குக் கூடுவதை வெறும் மீட்டிங் என்று எழுதப் பேனா கூசுகிறது. அது திருவோலக்கம். அதற்குத் தலைமை தாங்கி அருள்பாலிக்கும் எங்கள் பொது மேலாளர் ஐயாவின் புகழைப் பாட ஆயிரம் நாவுடைய ஆதிசேஷனே வந்தாலும், அவருக்கும் அங்கே பேச ஒரு வாய்ப்புக் கிடைக்காது.

பத்து மணி என்பது எளியோருக்கான நேரம். ஐயா எழுந்தருள்வது பத்தே முக்காலுக்கு. அதுவரை இருபத்திரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பெறும் மோன நிலையை எந்தத் தியான வகுப்பும் தந்ததில்லை. வெளியே லோடு ஏற்ற வந்த லாரியும் எங்களோடு சேர்ந்து பொறுமை பயிலும். ஐயா பேசத் தொடங்கி அரை மணி ஆனபின் விற்பனைத் தலைவர் நுழைவார். அவருக்காக எல்லாம் முதலிலிருந்து ஓதப்படும். வேதத்தையே திரும்பத் திரும்பத்தானே ஓதுகிறார்கள்!

அஜெண்டா என்கிற அற்பப் பொருளுக்கு அந்தச் சபையில் இடமில்லை. எதைப் பேசப்போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் எவராவது தயாராகி வந்துவிடும் ஆபத்து உண்டு. தம் மக்களை அப்படிச் சிரமப்படுத்த ஐயாவுக்கு மனம் வராது. திரையில் ஒரே ஸ்லைடில் எண்பது எண்கள் பொடி எழுத்தில் மின்னும். அவ்வளவையும் ஒன்றுவிடாமல் தம் திருவாயால் வாசித்தருளுவார். படிக்கத் தெரிந்தவர்களின் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க இதைவிடக் கனிவான வழி ஏது?

சென்ற மாதத்து ஓலக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் எழுத்துக்குப் பாவம் சேரும். சீல் வழியாகத் தண்ணீர் இறங்கி, வைண்டிங் புகைந்த மோட்டார்கள் கடைகளிலிருந்து மூட்டையாகத் திரும்பி வந்திருந்த வாரம் அது. அசெம்பிளி லைனிலேயே தலை நரைத்த ஃபோர்மேன் எழுந்து, "சார், சீல் நல்ல சீல்தானுங்க. ஷாஃப்ட்டுதான் பெண்டு, அதனால..." என்று ஆரம்பித்தார். ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்து சபையே கலைந்திருக்கும். அந்தப் பெருவிபத்தைத் தடுத்தாட்கொண்டவர் ஐயாதான். புன்முறுவலோடு கையமர்த்தி, "ஃபோர்மேன், அதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்றார். அந்த ஆஃப்லைன் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போய்வந்தவர் எவரும் இல்லை.

பிறகு உரிய பொருளுக்கு வந்தோம்: ஆயுத பூஜைக்கு மைசூர்பாவா, லட்டா? ஐம்பது நிமிடம் அறிவின் அடைமழை. நெய் எத்தனை நாள் கெடாது, பெட்டி கால் கிலோவா அரைக் கிலோவா, சர்க்கரை நோயாளிக்குக் காரம் தருவதா என்று கணக்குப் பிரிவின் ஊமைகள்கூடக் கம்பீரமாக முழங்கினார்கள். 1957இல் வெளிவந்த தம் நூலில் பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் ஒரு குழுவைக் கற்பனை செய்தார். ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் தலையாட்டிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும் குழு அது. எங்கள் சபை அவர் கற்பனையையே ஐந்து நிமிடம் விஞ்சியது.

இன்னொரு பெருமையும் உண்டு. 1944இல், உலகப் போரின் நடுவே, சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவு அமைப்பு நாசவேலைக்கென ஒரு கையேடு தயாரித்தது. எதிரியின் பிடியில் இருக்கும் ஊர்களில் ஆபீஸ்களை ஓசையின்றி முடக்குவது எப்படி என்று சாதாரண குடிமக்களுக்குச் சொல்லும் பாடமும் அதில் இருந்தது. எதையும் குழுவுக்குத் தள்ளு, குழுவில் ஐந்து பேருக்குக் குறையவிடாதே, சொந்தக் கதை கலந்து நீட்டி முழக்கு, போன கூட்டத்தில் முடிந்ததை மறுபடி கிளறு, தலைபோகிற வேலை இருக்கும்போது கூட்டம் போடு. பாவம், அமெரிக்கர்கள் இதையெல்லாம் அச்சடித்துக் கற்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஐயாவுக்கோ கருவிலேயே வாய்த்த திரு. ஐந்து பேர் என்று கஞ்சத்தனம் பண்ணியவர்கள் எங்கள் இருபத்திரண்டைக் கண்டால் நாணித் தலைகுனிவார்கள். அதிலும், எந்த எதிரியிடமும் காசு வாங்காமல் சொந்தக் கம்பெனிச் சம்பளத்திலேயே அவர் இதைச் செய்கிறார் என்பதை நினைக்கும்போது கண் கலங்குகிறது.

மினிட்ஸ் மறுநாள் வந்தது. காவியம். "திரும்பி வந்த மோட்டார்கள் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்க அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." யார், எப்போது என்று எழுதித் தனியொருவர் தலையில் வேலையைச் சுமத்தும் கொடுமை அதில் அறவே இல்லை.

மைசூர்பாவுக்கு ஆர்டர் போயாயிற்று. மோட்டாரைப் பற்றித் திங்களன்று எப்படிப் பேசுவது என்று முடிவு செய்ய வியாழக்கிழமை ஒரு முன்கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். பதினான்கு பேருக்கு அழைப்பு. பட்டியலில் ஃபோர்மேன் பெயர் இல்லை. அடிக்கடி லைனைவிட்டு அவரை இழுத்தால் உற்பத்தி கெடும் என்று ஐயாவே இரங்கி, தம் கைப்பட அடித்துவிட்டாராம்.